ரத்தக்குழாயின் எல்லையை எங்கே போடுவது?

சிடி, எம்ஆர்ஐ ஸ்கேன்களிலிருந்து ரத்தக்குழாய்களுக்கு முப்பரிமாண மாடல் செய்வதுதான் என் வேலை. படித்தது இயந்திரப் பொறியியல். எனக்குத் தெரிந்த உடற்கூறியல் எல்லாம் கதிரியக்க மருத்துவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் திரையில் விரல் வைத்துக் காட்டக் காட்டக் கற்றுக்கொண்டது. நான் செய்யும் மாடல்களில் சில, அறுவை சிகிச்சைக்கு முன் மருத்துவர் கையில் பிடித்துப் பார்ப்பதற்காக அச்சாகின்றன. சில ரத்த ஓட்டத்தைக் கணினியில் கணக்கிடுவதற்குப் போகின்றன. மற்றவற்றைத் திரையிலேயே திருப்பிப் பார்த்து அளவெடுத்துக்கொள்வார்கள்.

மாடலைப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் கேட்பது, "எந்த சாஃப்ட்வேரில் செய்தீர்கள்?" என்றுதான். 3டி ஸ்லைசர், ஐடிகே-ஸ்னாப், விஎம்டிகே, சிம்வாஸ்குலர். நான்கும் இலவசம், நான்கும் நன்றாக வேலை செய்யும். ஆனால் எனக்கு வேறொரு கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்றிருக்கும்: இந்தக் குழாயின் ஓரம் சரியாக இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்? ஏனென்றால் ஸ்கேன் அதைச் சொல்வதில்லை. ஸ்கேனில் இருப்பவை எண்கள் மட்டுமே. எல்லைக்கோட்டைப் போடுவது மாடல் செய்கிறவர், அல்லது அவர் நம்பி ஓட்டும் நிரல்.

சிடி ஸ்கேனர் உடலைச் சின்னச் சின்னப் பெட்டிகளாகப் பிரித்து, பெட்டிக்கு ஓர் எண் தருகிறது. அந்தப் பெட்டிதான் வாக்ஸெல். எண்ணை ஹவுன்ஸ்ஃபீல்டு அளவில் சொல்வார்கள். சிடி ஸ்கேனரை உருவாக்கி, 1979-ல் ஆலன் கார்மக்கோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயர் அது. தண்ணீருக்கு 0, காற்றுக்கு −1000, கொழுப்புக்குச் சுமார் −100, தசைக்கு 50 பக்கம். ரத்தமும் தசையும் கிட்டத்தட்ட ஒரே எண் என்பதால் சாதாரண சிடியில் குழாய் தனியாகத் தெரியாது. அதனால்தான் சிரை வழியாக அயோடின் கலந்த கான்ட்ராஸ்ட் மருந்தைச் செலுத்துகிறார்கள். மருந்து தமனிகளில் நிறைந்திருக்கும் சில விநாடிகளுக்குள் ஸ்கேன் ஓடிவிட்டால் தமனிகள் 300, 400 என்று பளிச்சென்று நிற்கும். தாமதமானால் சிரைகளும் சேர்ந்து ஒளிர ஆரம்பிக்கும். அப்புறம் இரண்டையும் பிரிப்பது கைவேலை.

ஒரு ஸ்கேன் வந்ததும் நான் முதலில் பார்ப்பது ஸ்லைஸின், அதாவது உடலைக் குறுக்கே வெட்டிக் காட்டும் ஒவ்வொரு படத்தின், தடிமனை. அறிக்கை எழுதுவதற்கு வசதியாக 5 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு தொகுப்பைச் சேமித்து வைத்திருப்பார்கள். பல நேரம் அதுதான் முதலில் வந்து சேரும். அதே ஸ்கேனின் மூலத்தரவிலிருந்து 0.6 மில்லிமீட்டர் தொகுப்பும் எடுத்திருப்பார்கள். அதைக் கேட்டு வாங்காமல் வேலையைத் தொடங்கக் கூடாது. 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய் ஒன்று 5 மில்லிமீட்டர் ஸ்லைஸுக்குள் படுத்தபடி போனால், அதன் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் ஒரே எண்ணில் கரைந்துவிடும். எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது.

மெல்லிய ஸ்லைஸ் கிடைத்துவிட்டது, சரி. இப்போது எல்லை. மிக எளிய வழி த்ரெஷோல்டு: 200-க்கு மேல் இருப்பதெல்லாம் ரத்தம், கீழே இருப்பதெல்லாம் வேறு. ஒரு பட்டனில் குழாய்கள் எழுந்து நிற்கும், பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் ஏன் 200? ஏன் 150 இல்லை? குழாயின் ஓரத்தில் உள்ள வாக்ஸெலில் பாதி ரத்தம், பாதி வெளித்திசு. அதற்குக் கிடைக்கும் எண் இரண்டின் கலவை. அதோடு ஸ்கேனரின் மங்கலும் சேரும்போது, எண் 350-லிருந்து 50-க்குச் சட்டென்று விழாமல் இரண்டு மூன்று வாக்ஸெல் தூரத்துக்குச் சரிந்து இறங்குகிறது. ஏரியில் தண்ணீர் மட்டம் ஒரு சாண் ஏறினால், செங்குத்தான கரையில் பெரிதாக ஒன்றும் தெரியாது. சரிவான கரையில் தண்ணீர் வெகுதூரம் உள்ளே வந்துவிடும். த்ரெஷோல்டு அந்தத் தண்ணீர் மட்டம்தான். இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடியைப் போன்ற அகலக் குழாயில் அதைக் கொஞ்சம் ஏற்றி இறக்கினால் விட்டத்தில் சொற்ப மாற்றமே வரும். இதயத் தமனியில் அதே மாற்றம் நோயையே உண்டாக்கலாம், மறைக்கலாம்.

நடுப்புள்ளியில் எல்லை போடுவது பொதுவான பழக்கம். குழாயின் உள்ளே 350, வெளியே தசை 50 என்றால், எல்லை 200. ஆனால் அதே குழாய் இரண்டு சென்டிமீட்டர் தள்ளிக் கொழுப்புக்குள் நுழைகிறது. அங்கே வெளியே −100, நடுப்புள்ளி 125. முழுக் குழாய்க்கும் 200 என்று வைத்தால் கொழுப்புக்குள் போகும் பகுதி மட்டும் உண்மையைவிட ஒல்லியாகிவிடும். உடம்பில் இல்லாத ஒரு சுருக்கம் மாடலில் தெரியும். மிகச் சின்னக் கிளைகளில் இந்த நடுப்புள்ளிக் கணக்கே பலிக்காது. இரண்டு வாக்ஸெல் அகலமே உள்ள குழாயில் நடுவில்கூட முழு 350 வராது, 220-தான் வரும். அங்கே நாம் அளப்பது பெரும்பாலும் ஸ்கேனரின் மங்கலைத்தான், குழாயின் விட்டத்தை இல்லை. ஒரு மாடலில் எந்தத் தடிமனுக்குக் கீழே கிளைகளை வெட்டிவிட வேண்டும் என்பதை நான் இதை வைத்துத்தான் முடிவு செய்கிறேன். நுனிவரை கிளைகள் உள்ள மாடல் பார்க்க நிறைவாக இருக்கும். ஆனால் அந்த நுனிகளின் அளவை ஒருவர் நம்பிவிடக் கூடாது.

ரத்த ஓட்டக் கணக்கு தெரிந்தவர்களுக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக ஒரு கணக்கு. 3 மில்லிமீட்டர் தமனி, 0.4 மில்லிமீட்டர் வாக்ஸெல். எல்லை ஒவ்வொரு பக்கமும் அரை வாக்ஸெல் உள்ளே நகர்ந்தால் விட்டம் 2.6 ஆகிறது. படத்தில் கண்ணுக்குத் தெரியாத மாற்றம் இது. ஆனால் ஒரே சீரான குழாயில் ஓட்டத்துக்கு எழும் தடை ஆரத்தின் நான்காம் அடுக்குக்குத் தலைகீழ் விகிதம் என்பது புவஸேயின் விதி. தடை சுமார் 1.8 மடங்கு ஆகிவிடும். அதே அளவு ரத்தம் ஓடினால், சுவரின் மேல் ரத்தம் உரசும் விசை, அது மூன்றாம் அடுக்கு, ஒன்றரை மடங்கு. சிடியிலிருந்து இதயத் தமனியின் அழுத்த வீழ்ச்சியைக் கணக்கிட்டு, அடைப்புக்குப் பின்னுள்ள அழுத்தத்துக்கும் முன்னுள்ள அழுத்தத்துக்கும் உள்ள விகிதம் 0.80-க்குக் கீழே போனால் அடைப்பு ஓட்டத்தைப் பாதிக்கிறது என்று எடுத்துக்கொள்ளும் முறை இன்று நடைமுறையில் இருக்கிறது. 0.79-க்கும் 0.83-க்கும் நடுவில் நிற்பது சில சமயம் அந்த அரை வாக்ஸெல்தான். கணக்குக்காகக் குழாயைச் சின்னத் துண்டுகளாகப் பிரிக்கும் மெஷ்ஷில் எத்தனை லட்சம் துண்டுகள், சமன்பாட்டை எந்த முறையில் தீர்த்தோம் என்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, எல்லையை எப்படி வைத்தோம் என்பதை ஒரே வரியில் கடந்துபோகும் கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்குக் கோபமே வரும்.

இதயத் தமனியில் கால்சியம் படிந்திருந்தால் சிக்கல் இன்னும் ஒரு படி கூடும். கால்சியம் 1000-ஐத் தாண்டும் அளவுக்கு ஒளிரும். "200-க்கு மேல் எல்லாம் ரத்தம்" என்ற விதி அதையும் ரத்தமாக எடுத்துக்கொள்ளும். விளைவு என்ன? குழாய் அடைபட்டிருக்கும் அதே இடத்தில் மாடல் அகலமாக, ஆரோக்கியமாகத் தெரியும். சரி, மேல்வரம்பும் வைக்கலாம், 500-க்கு மேல் வேண்டாம் என்று. அப்போதும் கால்சியத்தின் மங்கிய விளிம்பு 500, 400, 300 என்று இறங்கி வரும் வழியில் ரத்தத்தின் எண்களைத் தொட்டுக்கொண்டுதான் வரும். அந்த வளையம் ரத்தமா கால்சியமா என்று எண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அதோடு கால்சியம் தன் உண்மையான அளவைவிடப் பெரிதாகப் படத்தில் பூத்து நிற்கும். அதை அப்படியே கழித்தால் குழாய் தேவைக்கு மேல் குறுகிவிடும். இங்கே நான் தானியங்கி முறையை நிறுத்திவிட்டு, குழாயின் மையக்கோட்டுக்குச் செங்குத்தான குறுக்குவெட்டுகளில் ஒவ்வொன்றாகக் கையால் வரைகிறேன். அடைப்புக்கு முன்னும் பின்னும் உள்ள நல்ல பகுதியைப் பார்த்து, கதிரியக்க மருத்துவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. மெதுவான வேலைதான்.

மூளைத் தமனிகளில் தொல்லை வேறு மாதிரி. கழுத்திலிருந்து ஏறும் உட்கரோட்டிட் தமனி மண்டையோட்டின் அடிப்பகுதியில் எலும்பை உரசிக்கொண்டே வளைந்து வளைந்து போகிறது. எலும்பும் கான்ட்ராஸ்ட்டும் ஒரே எண்வரிசையில் கலந்து நிற்கும். தமனிக்குள் ஒரு புள்ளி வைத்து அங்கிருந்து பரவவிடும் முறை, எலும்பு தொடும் இடத்தில் கசிந்து மண்டையோடு முழுவதையும் விழுங்கிவிடும். எம்ஆர்ஐயின் டைம் ஆஃப் ஃப்ளைட் முறையில் எலும்பு தெரியாது, கான்ட்ராஸ்ட்டும் தேவையில்லை. அந்த வகையில் நிம்மதி. ஆனால் அதில் ஒளிர்வது புதிதாக உள்ளே ஓடி வரும் ரத்தம். அனியூரிசம் என்கிற ரத்தக்குழாய் வீக்கத்துக்குள் ரத்தம் மெதுவாகச் சுழன்று தேங்கும்போது ஒளி மங்கும், வீக்கம் உண்மையைவிடச் சின்னதாகத் தெரியும். குழாய்க்குள் சாதனத்தைச் செலுத்தி, எக்ஸ்ரே கருவியைத் தலையைச் சுற்றிச் சுழற்றி எடுக்கும் முப்பரிமாண ஆஞ்சியோ கிடைத்தால் நான் அதைத்தான் முதலில் எடுப்பேன். அதன் வாக்ஸெல் இன்னும் சின்னது.

எனக்கு மிகவும் பயமான இடம் மூளையின் முன்பக்கம். இடது வலது முன்பெருமூளைத் தமனிகள் இரண்டும் அங்கே ஒன்றையொன்று ஒட்டியபடி மேலேறுகின்றன. இரண்டையும் இணைக்கும் முன் இணைப்புத் தமனி மிகக் குட்டையானது, அதன் விட்டமும் சில வாக்ஸெல்கள்தான். அனியூரிசம் அடிக்கடி வரும் இடமும் இதுவே. இரண்டு தமனிகளுக்கும் நடுவில் உள்ள இடைவெளி ஒரு வாக்ஸெலைவிடக் குறைந்தால் மாடலில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். இல்லாத ஒரு பெரிய இணைப்பு இருப்பதுபோல் தோன்றும். அனியூரிசத்தை அடைக்கக் கிளிப் போடப்போகும் அறுவை மருத்துவருக்கு இது உயிர் சம்பந்தப்பட்ட தகவல். அவர்களில் ஒருவர் மாடலைத் திருப்பிப் பார்த்துவிட்டு எப்போதும் ஒரே கேள்வி கேட்பார்: "இது ஒட்டியிருக்கா, சேர்ந்திருக்கா?" நான் மூன்று திசை ஸ்லைஸ்களையும் திறந்து, இரண்டு குழாய்களுக்கு நடுவில் எண் கொஞ்சமாவது இறங்குகிறதா என்று காட்டுவேன். 340, 290, 335 என்று இருந்தால், நடுவில் ஒரு பிரிவு இருப்பதற்கான அடையாளம் அந்த 290. 200 என்ற த்ரெஷோல்டுக்கு அது கண்ணிலேயே படாது. இறக்கமே இல்லையென்றால், "இந்த ஸ்கேனை வைத்துச் சொல்ல முடியாது, டாக்டர்" என்று சொல்லிவிடுவேன். அதைச் சொன்னதற்காக அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1664-ல் வெளியிட்ட மூளை நூலுக்குப் பிறகு அவர் பெயரால் வழங்கும், மூளையின் அடியில் உள்ள தமனி வட்டத்தைப் பாடப்புத்தகங்கள் முழு வட்டமாகவே காட்டுகின்றன. உண்மையில் எல்லாக் கிளைகளும் முறையாக அமைந்த முழு வட்டம் பாதிப் பேருக்குக்கூட இருப்பதில்லை. ஒரு கிளை மெலிந்திருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. படத்தில் அறுந்து தெரியும் இடத்தை, "இங்கே இருந்தாக வேண்டுமே" என்று நிரப்பத் தொடங்கினால் அந்த மாடல் அந்த நோயாளியுடையது இல்லை.

கணினி முறைகளைப் பற்றிச் சுருக்கமாக. எண்களிலிருந்து பரப்பை எடுக்க இன்றும் பெரும்பாலும் ஓடுவது லோரன்சனும் கிளைனும் 1987-ல் வெளியிட்ட மார்ச்சிங் க்யூப்ஸ்தான். எட்டு மூலைகளில் எவை த்ரெஷோல்டுக்கு மேல், எவை கீழ் என்று பார்த்து, நடுவில் முக்கோணங்களைப் பொருத்தும். 1998-ல் வந்த ஃப்ரான்ஜியின் வடிகட்டி, ஒரு புள்ளியைச் சுற்றி எண்கள் குழாய் வடிவில் மாறுகின்றனவா என்று மதிப்பிடும். மெல்லிய கிளைகளைத் தேடிப்பிடிக்க அது அருமை. ஆனால் கிளை பிரியும் இடமும் அனியூரிசமும் குழாய் வடிவில் இல்லாததால், நமக்கு அதிகம் தேவைப்படும் அந்த இடங்களில்தான் அது மங்கிப்போகும். லெவல் செட் முறை மையத்திலிருந்து பரப்பை ஊதி, எண் வேகமாகச் சரியும் இடத்தில் நிறுத்தும். ஒரே த்ரெஷோல்டை எங்கும் திணிக்காது என்பதால் ஓட்டக் கணக்குக்குப் போகும் மாடல்களுக்கு என் முதல் தேர்வு இதுவே.

2015-ல் படங்களைப் பகுதி பகுதியாகப் பிரிக்கும் யு-நெட் வந்த பிறகு, எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்கும் செயற்கை நரம்பியல் வலைகள் இந்த வேலையை வெகுவாக எளிதாக்கிவிட்டன. பெருநாடியையும் அதன் பெரிய கிளைகளையும் பிரிக்க நான் இப்போது கையால் தொடங்குவதே இல்லை. ஆனால் இவற்றை மதிப்பிட வழக்கமாகப் பயன்படும் டைஸ் மதிப்பெண் கனஅளவு எவ்வளவு பொருந்துகிறது என்பதைத்தான் பார்க்கிறது. ஒரு மெல்லிய கிளை நடுவில் ஒரு வாக்ஸெல் அளவுக்கு அறுந்துபோனால் மதிப்பெண் குறைந்ததே தெரியாது. ரத்த ஓட்டமோ அதற்கு அப்பால் பூஜ்யம். மையக்கோடு தொடர்ந்து வருகிறதா என்று பார்க்கும் அளவுகோல்கள் பிறகு வந்தன, அவை வந்தது நல்லது. இன்னொன்றையும் மறக்கக் கூடாது: வலைக்குக் கற்றுக்கொடுத்த எல்லைகளை யாரோ ஒருவர் கையால் வரைந்திருக்கிறார். அவர் எப்போதும் கொஞ்சம் வெளியே தள்ளி வரைபவர் என்றால், வலையும் அப்படியே வரையும்.

அப்புறம் மென்மையாக்குதல். மார்ச்சிங் க்யூப்ஸ் தரும் பரப்பில் வாக்ஸெல்களின் படிக்கட்டு தெரியும், யாருக்கும் அது பிடிக்காது. ஒவ்வொரு புள்ளியையும் பக்கத்துப் புள்ளிகளின் சராசரியை நோக்கி நகர்த்தும் லாப்லாசியன் முறையில் தேய்த்தால் படிக்கட்டு போகும், கூடவே குழாயும் சுருங்கும். மெல்லிய கிளை சுருங்குவது அதிகம். 1995-ல் டாபின் சொன்ன முறை ஒரு முறை உள்ளே இழுத்து அடுத்த முறை வெளியே தள்ளிச் சமன் செய்வதால், கனஅளவு பெரிதாகக் குறையாது. என்றாலும் எந்த முறையும் புடைப்பையும் இரைச்சலையும் பிரித்தறியாது. அனியூரிசத்தின் மேல் ஒரு குட்டிப் புடைப்பு இருந்தால் அது வெடிக்கும் அபாயத்தின் அறிகுறியாக மருத்துவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அதைத் தேய்த்துவிட்டு வழவழவென்று ஒரு உருண்டையைக் கொடுப்பது பெரிய தவறு. தேய்த்த பரப்பை மூல ஸ்லைஸின் மேல் கோடாக வைத்துப் பார்க்காமல் நான் எதையும் அனுப்புவதில்லை.

ஒரு விஷயத்தை அச்சு மாடலைக் கையில் வாங்குகிறவர்களிடம் கட்டாயம் சொல்லிவிடுவேன். கான்ட்ராஸ்ட் காட்டுவது ரத்தம் ஓடும் உள்பகுதியை, அதாவது லூமெனை. சுவரை இல்லை. 17ஆம் நூற்றாண்டில் டச்சு உடற்கூறியலாளர் ஃப்ரெடெரிக் ரைஷ் இறந்தவர்களின் ரத்தக்குழாய்களில் மெழுகுக் கலவையைச் செலுத்தியபோதும் நிறைந்தது இந்த உள்பகுதிதான். மூளைத் தமனியின் சுவர் சாதாரண சிடியில் தெரியும் தடிமனே இல்லை. அச்சில் உள்ள சுவர், பொருள் உடையாமல் நிற்பதற்காக நான் ஒரே சீராகச் சேர்த்தது. வயிற்றுப் பெருநாடி வீக்கத்தில் இந்த வேறுபாடு மிகப் பெரிது. வீக்கத்துக்குள் ரத்தக்கட்டி படிந்திருந்தால் லூமென் 30 மில்லிமீட்டர் இருக்கும், வெளிச்சுவரிலிருந்து வெளிச்சுவர் 60 இருக்கும். ஆண்களுக்குச் சிகிச்சையை யோசிக்கத் தொடங்கும் 55 மில்லிமீட்டர் என்பது வெளி அளவு. லூமெனை மட்டும் செய்து கொடுத்தால் கையில் இருப்பது கிட்டத்தட்ட ஒழுங்கான பெருநாடி. அதனால் இந்த நோயாளிகளுக்கு நான் இரண்டு பரப்புகளைச் செய்கிறேன்: லூமென் ஒரு நிறம், கட்டியோடு சேர்ந்த வெளிப்பரப்பு ஒளி ஊடுருவும் இன்னொரு நிறம். வெளிப்பரப்புக்கும் பக்கத்துக் குடலுக்கும் எண் வித்தியாசம் மிகக் குறைவு என்பதால் அது முழுக்கக் கையால் வரைவது. விட்டத்தையும் மையக்கோட்டுக்குச் செங்குத்தாகவே அளக்க வேண்டும். 45 டிகிரி சாய்ந்த குழாயை நேர் ஸ்லைஸில் நீளவாக்கில் அளந்தால் 1.4 மடங்கு கூடுதலாக வரும்.

இப்போது ஒவ்வொரு மாடலோடும் ஒரு பக்கக் குறிப்பு சேர்த்து அனுப்புகிறேன்: எந்த ஸ்கேன், வாக்ஸெல் அளவு, எல்லையை எந்த முறையில் வைத்தேன், எந்தத் தடிமனுக்குக் கீழே வெட்டினேன், எங்கே கையால் வரைந்தேன். சந்தேகமான பகுதிகளை மாடலிலேயே மஞ்சளாக்கிவிடுகிறேன். முதலில், இது மாடலின் அழகைக் கெடுக்கிறது என்றார்கள். இப்போது மஞ்சள் இல்லாத மாடல் வந்தால், "எல்லாம் உறுதியா?" என்று கேட்கிறார்கள்.

இதைக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்களுக்கு: 3டி ஸ்லைசரில் சாம்பிள் டேட்டா என்ற பகுதியில் இதயத்தின் சிடி ஆஞ்சியோ ஒன்று இருக்கிறது. அதைத் திறந்து, செக்மென்ட் எடிட்டரில் 150, 200, 250 என்று மூன்று த்ரெஷோல்டுகளில் மூன்று பரப்புகள் எடுங்கள். மூன்றையும் வேறு வேறு நிறத்தில் ஸ்லைஸின் மேல் கோடுகளாக வைத்து, பெருநாடியில் ஓர் இடத்திலும் இதயத் தமனியில் ஓர் இடத்திலும் விட்டத்தை அளந்து பக்கத்தில் எழுதுங்கள். பிறகு குழாயின் எந்தப் பக்கத்தில் கோடுகள் நெருங்கி வருகின்றன, எந்தப் பக்கத்தில் விலகிப் போகின்றன என்று பார்த்து, அந்த இடத்தில் வெளியே இருப்பது கொழுப்பா, தசையா, கால்சியமா என்று தேடுங்கள். தானியங்கிக் கருவிகளை அதற்கு அப்புறம் தொடலாம்.